பாதையைச் சீராக்கும் வண்டிகள்

மாதிரி ரயில்களைச் சேகரிப்போருள் பலரும் முதலில் நாடுவது நீராவி எஞ்சினையும் பளபளக்கும் பயணிகள் பெட்டிகளையுமே. எனினும் அமெரிக்காவில் இச்சேகரிப்பாளர்களுள் ஒரு சாரார் வேறு வகை வண்டிகளைத் தேடுகின்றனர். பாரந்தூக்கி, சுழல்விளக்கு வண்டி, பனி அகற்றும் வண்டி, ஜல்லி இறுக்கும் வண்டி, தண்டவாளம் துடைக்கும் வண்டி ஆகியவையே அவர்களது தேட்டம். இவை பயணிகளை ஏற்றிச் செல்வதில்லை. கால அட்டவணையிலும் இவற்றுக்கு இடமில்லை. பாதை பழுதுற்ற நாளில் மட்டும் புறப்படும் வண்டிகளின் சிறு வடிவங்கள் இவை.

பழுது நீக்குவது என்றால் என்ன, பழுது நீங்கிய பொருள் முன்பு போலவே இருக்க வேண்டுமா என்ற கேள்விகளை இச்சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். நோயிலிருந்து மீண்டு வருவோரும் அவர்தம் குடும்பத்தாரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விகளும் இவையே. ஆதலால் அவர்களது உலகை இவ்விதழில் சற்றே எட்டிப் பார்க்கிறோம்.

மெய்யான வண்டிகள்

வட அமெரிக்காவின் பெரிய ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் மீட்புப் பணிக்கென ஒரு தொடர்வண்டியை ஆயத்தமாக வைத்திருந்தன. அதன் நடுநாயகம் நீராவியால் இயங்கிய பாரந்தூக்கி. அதன் நீண்ட கை வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அக்கையின் அடியில் தட்டையான வண்டி ஒன்று உடன் செல்லும். அடுத்துச் சங்கிலிகளும் கட்டைகளும் கருவிகளும் நிறைந்த பெட்டி. பின்னர்ப் பணியாளர் உறங்கும் பெட்டியும் சமையல் பெட்டியும். இவற்றுட் பல, ஓய்வு பெற்ற பழைய பயணிகள் பெட்டிகளே. வேகமாக ஓட இயலாது என்று விலக்கப்பட்டவை, மீட்புப் பணியாளருக்கு உணவும் உறைவிடமும் அளித்து மேலும் பல்லாண்டு பயன்பட்டன.

பனிப்பொழிவு மிகுந்த வடபுலங்களுக்கென உருவான மற்றொரு வண்டி, முன்புறத்தில் சுழலும் பெருஞ்சக்கரத்தால் பனியை வெட்டி அப்பால் வீசுவது. இதனை 1869-இல் முதலில் எண்ணி வடிவமைத்தவர் ஒரு பல் மருத்துவர் என்பது எம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த அவர் பெயர் ஜே. டபிள்யூ. எலியட். பின்னர் ஆரஞ்சு ஜல் என்பவர் அவ்வடிவத்தைத் திருத்த, 1880களில் அது பாதையில் இறங்கியது. நம் நாட்டு ரயில்வேயிலும் விபத்து நிவாரண ரயில்கள் உண்டு. அவற்றுடன் மருத்துவ வண்டிகளும் ஆயத்த நிலையில் வைக்கப்படுகின்றன.

கைக்குள் அடங்கிய வடிவங்கள்

நியூயார்க்கில் 1900-ஆம் ஆண்டு ஜோஷுவா லயனல் கோவன் நிறுவிய லயனல் நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வண்டிகளைப் பெரும் எண்ணிக்கையில் சிறு வடிவில் செய்தது. அவற்றுள் 1946 முதல் 1950 வரை விற்பனையான 2460 எண் பாரந்தூக்கி புகழ் பெற்றது. பன்னிரண்டு சக்கரங்கள் கொண்ட அவ்வண்டியில் இரு சிறு கைச்சக்கரங்கள் உண்டு. ஒன்றைத் திருகினால் கை உயரும். மற்றொன்றைத் திருகினால் கொக்கி இறங்கும். அதன் தொடக்க கால வடிவத்தில் அறை சாம்பல் நிறம். பின்னர் வந்தவை கறுப்பு. சாம்பல் நிற அறை கொண்டது இன்று அரிதாகவே கிடைக்கிறது.

1954 முதல் 1964 வரை வெளிவந்த 50 எண் பணியாளர் வண்டி, தடுப்பில் முட்டியதும் தானே திரும்பி எதிர்த்திசையில் ஓடும். 1958-இல் வந்த 54 எண் வண்டி, பாதையோரம் பொருத்திய விசையைத் தொட்டதும் வேகம் தணிந்து, ஜல்லியை இறுக்குவது போலத் தட்டிக்கொண்டே நகரும். 1956 முதல் 1960 வரை விற்ற 3927 எண் வண்டியோ விளையாட்டுப் பொருளாகவும் மெய்யான பணியாளாகவும் ஒருங்கே இருந்தது. அது பொம்மைத் தண்டவாளத்தை உண்மையாகவே துடைத்தது.

தழும்பை மறைக்காத மரபு

பழைய பொம்மை ரயில்களைச் சேகரிப்போருக்கென 1954-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அதற்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. வண்டிகளின் நிலையை 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்கும் முறையை அச்சங்கம் வகுத்துள்ளது.

சேகரிப்போரிடையே நிலவும் ஒரு வழக்கம் புதியோருக்கு வியப்பளிக்கும். சாயம் உரிந்து, விளிம்பில் கீறல் விழுந்த பழைய வண்டி ஒன்று; அதே வண்டி, புதுச்சாயம் பூசிப் பளபளக்க வைக்கப்பட்டது மற்றொன்று. இரண்டையும் அருகருகே வைத்தால், தேர்ந்தவர் பெரும்பாலும் கீறல் விழுந்ததையே மதிப்பர். மேலே பூசிய சாயம் அவ்வண்டி கடந்து வந்த காலத்தை மறைத்துவிடுகிறது என்பது அவர்தம் கருத்து. ஆனால் உடைந்த கொக்கிக்குப் பதில் புதுக்கொக்கி பொருத்துவதையோ, அறுந்த கம்பியை மாற்றுவதையோ அவர்கள் குறையாகக் கொள்வதில்லை. மாற்றியதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே நெறி.

சுழல்விளக்கு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதனுள் மின்காந்தச் சுருள் ஒன்று அதிர்கிறது. சிறு ரப்பர்ப் பகுதி அவ்வதிர்வைச் சுழற்சியாக மாற்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிப்போகும். அப்போது விளக்கு எரியும், சுழலாது. பொறுமையுடையவர் வண்டி முழுவதையும் பிரிப்பதில்லை. எது இறுகியது என்று கண்டு, அதை மட்டும் மாற்றுகிறார். உடல் எங்கும் கீறல் இருக்க, விளக்கு மீண்டும் சுழல்கிறது.

எம் மருத்துவமனையில் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளுள் அடிக்கடி எழுவது, “பழையபடி ஆகிவிடுவாரா?” என்பது. சிலருக்கு அது இயலும். சிலருக்குத் தழும்பும் ஊன்றுகோலும் மாத்திரைப் பெட்டியும் எஞ்சும். அவர்களிடம் பொய் நம்பிக்கை கூற நாம் விரும்பவில்லை. ஆயினும் பழைய தோற்றத்துக்குத் திரும்புவது வேறு, மீண்டும் தம் பாதையில் செல்வது வேறு என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். முதலாவது இயலாதபோதும் இரண்டாவது பெரும்பாலும் இயல்கிறது. இரவெல்லாம் கட்டிலருகே அமர்ந்திருப்போரும் சமையல் பெட்டியை நினைவிற்கொள்ளலாம். அது எதையும் தூக்கி நிறுத்தியதில்லை. அது இல்லாமல் பாரந்தூக்கியைப் புறப்பட விட்டதும் இல்லை.

தொடங்க விரும்புவோருக்கு

சேகரிக்கப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு வண்டியும் ஒரு முழம் தண்டவாளமும் மேசை மீது வைக்கப் போதும். உட்கார்ந்தபடியே செய்யத்தக்க பணி இது. களைத்தால் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம். ஆயினும் சிலவற்றை மறவாதீர்கள்.

அமெரிக்காவில் ஈயம் கலந்த சாயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. எனவே பழைய வண்டிகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் தராதீர்கள். உறை கிழிந்த கம்பியுள்ள பழைய மின்மாற்றியை மின்சாரத்தில் இணைக்காதீர்கள். மின்பணியாளர் பார்த்தபின் இயக்குங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்திருப்போர் பூஞ்சை படிந்த பழைய அட்டைப்பெட்டிகளைத் தாமே பிரிக்க வேண்டாம். வீட்டிலுள்ள பிறர் வெளியே எடுத்துச் சென்று துடைத்துத் தரட்டும். கை நடுக்கம் அல்லது விரல் மரத்துப்போதல் இருந்தால், எவ்வகைப் பணி ஏற்றது என்று உங்கள் இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் வண்டியாக எதை வாங்கலாம் என்று கேட்போருக்கு நாம் கூறுவது இது: குறையற்ற வண்டியைத் தேட வேண்டாம். கீறல் விழுந்து, ஏதோ ஒரு சிறு பகுதி மட்டும் இயங்காத வண்டியாகப் பாருங்கள். அதைச் சீராக்க ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆகட்டும். தண்டவாளத்தில் அது முதன்முறை நகரும்போது குடும்பத்தாரையும் அருகில் அழையுங்கள்.