போர்வையை விலக்கிப் பாருங்கள்

பக்கவாதம் வந்த பெரியவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதல் சில நாட்கள் உயிருக்கான போராட்டம். அது ஓய்ந்ததும் டிஸ்சார்ஜ். கையில் மாத்திரைச் சீட்டு, மூக்கில் குழாய், கட்டிலோரம் தொங்கும் யூரின் பை. மகன் சிங்கப்பூரில், மருமகள் வேலைக்குப் போகிறவர், மனைவிக்கு மூட்டுவலி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ இறங்கி விசாரித்துப் பாருங்கள், இப்படியொரு வீட்டைக் காட்டுவார்கள். அந்த வீட்டில் யாராவது ஒருவர், "ஏதாவது ஒரு ஹோம்ல விட்டுப் பாக்கலாமே" என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பார். சொன்னவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போட ஒரு ஆள் போதாது. இரவும் பகலும் மாற்றி மாற்றி ஆள் வேண்டும். பல வீடுகளில் ஆளே இல்லை.

ஆனால் எதை வைத்து ஒரு இல்லத்தை நல்லது என்று முடிவு செய்வது? தரையில் டைல்ஸ் போட்டிருக்கிறதா, ரூம் காற்றோட்டமாக இருக்கிறதா, நிர்வாகி தன்மையாகப் பேசுகிறாரா, மாதம் எவ்வளவு. இவ்வளவுதான் கேட்கிறோம். சேர்த்துவிட்டு வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். அப்பாவைக் குளிப்பாட்டி, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நிம்மதியாகத் திரும்புகிறோம். நாம் போகிறோம் என்று தெரிந்து தயாரான ஒரு மணி நேரம் அது. மீதி 23 மணி நேரம் எப்படிப் போனது என்பதற்கு அந்த வேட்டி சாட்சி சொல்லாது.

2023 பிப்ரவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டி வட்டம் குண்டலப்புலியூரில், அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவர் எங்கே என்று உறவினர் தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆதரவற்றோர், மனநலம் குன்றியோர், முதியோர் என்று 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடித்தார்கள், துன்புறுத்தினார்கள், சிலரைக் காணவில்லை என்று புகார்கள் வந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. உரிய அனுமதியில்லாமல் இல்லம் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது.

அதற்கும் இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

குண்டலப்புலியூருக்குப் பிறகு, "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்கும் பழக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. கேட்கத்தான் வேண்டும், இல்லாத இடத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆனால் அந்தத் தாள் எதைச் சொல்கிறது? இத்தனை சதுர அடி, இத்தனை கழிப்பறை, தீயணைப்புக் கருவி உண்டு என்கிறது. பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவேடிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர், சிகிச்சையின் தரத்தை எப்படி எடைபோடுவது என்று 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். இடத்தில் என்னென்ன இருக்கிறது, ஆட்கள் என்ன செய்கிறார்கள், கடைசியில் நோயாளிக்கு என்ன ஆனது என்று மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொன்னார். நம் ஊரில் அரசும் சரி, குடும்பமும் சரி, முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு சிறிய இல்லம். பழைய ஓட்டு வீடு, சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்திருந்தது. வெளித்தோற்றத்தைப் பார்த்தால் யாரும் அப்பாவைச் சேர்க்க மாட்டார்கள். புவனகிரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு அக்கா என்னை ஒரு கட்டிலுக்கு அழைத்துப் போனார். போர்வையைத் தொடுமுன் குனிந்து, "தாத்தா, உங்களப் பாக்க ஆள் வந்திருக்காங்க. காலக் காட்டட்டுமா?" என்றார். பேச்சு போன அந்தப் பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். அதன் பிறகே போர்வை விலகியது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. குதிகால் மெத்தையில் படாமல் வெளியே நின்றது. இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார். "அமுக்குனா வெளுக்குது பாருங்க. அப்ப பரவால்ல. வெளுக்காம அப்படியே நின்னுச்சுன்னா அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. கறுத்த ஒடம்புல கண்ணுக்கே தெரியாதுங்க. சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுத்தான் பாக்கணும்." கட்டில் காலில் சணல் கயிற்றால் ஒரு நோட்டைக் கட்டியிருந்தார்கள். இடது, மல்லாக்க, வலது, பக்கத்தில் நேரம், அதன் பக்கத்தில் எழுதியவரின் பெயர்.

பராமரிப்பின் தரம் என்று நான் நம்புவது இதைத்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கிக் கிடந்தால் அங்கே இரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழியத் தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்கிறார்கள். குதிகால், இடுப்பு, தோள்பட்டை, முதுகுத்தண்டு முடியும் இடம், இந்த நான்கும்தான் முதலில் போகும். ஈர டயப்பரோடு கிடந்தால் சீக்கிரம் போகும். முட்டை, பருப்பு இல்லாமல் வெறும் கஞ்சியில் ஓட்டினால் வந்த புண் ஆறாது. ஆக, ஒரு படுக்கைப் புண்ணைப் பார்த்தால் ஆள் பற்றாக்குறை, சாப்பாட்டுக் குறை, கவனக்குறை எல்லாம் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே புண்ணோடு வருகிறவர்கள் உண்டு. கடைசி நாட்களில், எவ்வளவு பார்த்தாலும் தோல் தாங்காத நிலையும் வரும். ஆகவே, சேர்த்த அன்றே உடம்பு முழுவதும் பார்த்து எழுதி வைத்தார்களா என்பது முக்கியம். எழுதாத இடத்தில், "வரும்போதே இருந்துச்சுங்க" என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

உங்கள் அப்பா, உங்கள் அம்மா. போர்வையை விலக்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர்களிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள்.

எடையையும் கேளுங்கள். மாதா மாதம் எடை எழுதாத இல்லத்துக்கு, சாப்பாடு உள்ளே போகிறதா என்று தெரிய வழியில்லை. பக்கவாதம் வந்தவருக்குப் படுத்த நிலையில் ஊட்டினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, நிதானமாக ஊட்டி, அரை மணி நேரமாவது அப்படியே உட்கார வைக்க வேண்டும். ஒரே ஆயா எட்டுப் பேருக்கு ஊட்டினால் அது நடக்காது. காலை பதினோரு மணிக்கு வரிசையாக எல்லாரும் தூங்கிக் கிடந்தால், ராத்திரி என்ன மாத்திரை கொடுத்தீர்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று கேட்டே ஆக வேண்டும். "குழாயப் பிடுங்கிடுறாரு" என்று கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தால், அதை எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இரவு. பகலில் நான்கு பேர் ஓடியாடும் இடத்தில், இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்? பெரிய உடம்பை ஒருவரால் புரட்ட முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் தோல் உரியும். ஆகவே இரவில் ஒற்றை ஆளோடு நடக்கும் இடத்தில், பகலில் பார்த்த நல்லதெல்லாம் விடிவதற்குள் வீணாகிவிடும். "ஸ்டாஃப் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு நல்ல பதில்தான் வரும். வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

இதை அமெரிக்கா அனுபவப்பட்டுக் கற்றது. அங்கே 2008 முதல் அரசு ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. ஆய்வு அதிகாரியின் அறிக்கை ஒரு பங்கு. ஊழியர் எண்ணிக்கையும் புண், வீழ்ச்சி போன்ற கணக்குகளும் மற்ற இரண்டு பங்கு. இவ்விரண்டையும் ஹோம்களே எழுதிக் கொடுத்தன. மோசமான ஹோம்களும் இதில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதை 2014-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதன் பிறகு ஊழியர் எண்ணிக்கையைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். தேர்வு எழுதுகிறவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்பது இதில் நமக்குமான பாடம். நாம் இன்னும் தேர்வே வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

'ரீஹேப்' என்று போர்டு மாட்டியிருந்தால் இன்னொரு கணக்கும் கேட்க வேண்டும். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது என்று பத்து வேலைகளுக்கு மொத்தம் 100 மதிப்பெண் போடும் பார்த்தெல் அளவுகோல் 1965-லிருந்து இருக்கிறது. எந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கும் தெரிந்த தாள்தான். சேர்ந்த அன்று எவ்வளவு, ஒரு மாதத்தில் எவ்வளவு? பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில்தான் உடம்பு வேகமாகத் திரும்பும். அந்த மூன்று மாதத்தைக் கட்டிலில் கழிக்க வைத்துவிட்டுக் கட்டணம் வாங்கும் இடத்தை எப்படி ரீஹேப் என்பது? இந்தத் துறைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய முன்னோடி உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1966-ல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையத்தை அமைத்தார். படுத்தவர் எழுந்து தன் வேலையைத் தானே பார்க்க முடியும் என்பதற்கு அவரே உதாரணம்.

கடலூர் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு கேள்வி உண்டு: புயல் வந்தால்? 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் மின்சாரமில்லாத இருட்டு, 2015-ல் வெள்ளம். புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட் கரண்டில் ஓடுவது. மோட்டார் நின்றால் காற்று இறங்கி உடம்பு பலகையில் படுக்கும். ஆக்சிஜன் மெஷினும் நிற்கும். ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் எத்தனை நாளைக்கு, தண்ணீர் உள்ளே வந்தால் யார் யாரைத் தூக்குவது, எந்த வண்டியில் எந்த ஊருக்கு? ஐப்பசி பிறப்பதற்குள் இதைக் கேட்டுவிட வேண்டும்.

நாம் ஏன் கேட்பதில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய மண் இது. அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது நம் மாவட்டத்தின் பெருமை. தருமம் செய்கிறவரைக் கையெடுத்துக் கும்பிட்டே பழகியவர்கள் நாம். "புண்ணியத்துக்கு நடத்துறாங்க, போய் நோட்டக் காட்டுன்னு கேக்கலாமா?" என்று கூசுகிறோம். தருமச்சாலையில் என்ன சமைக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த வெளிப்படைத்தன்மையும் வள்ளலார் தருமத்தின் பகுதிதான் என்பது என் எண்ணம். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் நடக்கும் சேவையைக் கேள்வி கேட்பது பாவமாகாது.

அரசின் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறை. மனநலக் காப்பகம் என்றால் மாநில மனநல ஆணையம். சிகிச்சை தரும் இடம் என்றால், மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர். நடைமுறையில் ஒரே கூரையின் கீழ் பக்கவாதக்காரர், மறதி நோய் வந்த பாட்டி, தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவர் என்று மூன்று வகையினரும் இருக்கிறார்கள். எந்த அலுவலகமும் முழு இல்லத்தையும் பார்ப்பதில்லை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், முதியோர் நலச் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும் என்கிறது. தனியார் இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, சட்டமாகாமலே போனது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. காத்திருக்க நேரமில்லை.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. அங்கேயே செவிலியர் படிப்பும் பிசியோதெரபி படிப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் வலிநிவாரண செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள். இந்த இரு தரப்பும் மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், மாவட்டத்தின் எல்லா இல்லங்களுக்கும் போகட்டும். புதிதாக வந்த புண் எத்தனை, எடை குறைந்தவர் எத்தனை பேர், விழுந்தவர், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர், இறந்தவர், நடந்து வீடு திரும்பியவர் எத்தனை பேர், இரவுப் பணியில் எத்தனை பேர். ஒரு பக்கத்தாள் போதும். அதை ஆட்சியர் அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் யாரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். மருத்துவமனையிலிருந்து பெரியவரை அழைத்துப் போகும் குடும்பத்துக்கு டிஸ்சார்ஜ் சீட்டோடு அதன் நகலும் கிடைக்க வேண்டும்.

அந்தத் தாளில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: ஆயாக்களுக்கு என்ன சம்பளம், மாதம் எத்தனை நாள் லீவு, ஆளைத் தூக்கவும் புரட்டவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள். விரலால் அழுத்திக் காட்டிய அந்த அக்கா, இந்த வேலையை முன்பு இங்கிருந்த ஒரு நர்சம்மாவிடம் பார்த்துப் பார்த்துக் கற்றதாகச் சொன்னார். சான்றிதழ் எதுவும் அவரிடம் கிடையாது. நாளைக்கே இதைவிட நல்ல சம்பளத்தில் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தால் அவர் போய்விடுவார். போக வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவரைப் போன்றவர்களுக்குச் சிதம்பரம் கல்லூரியில் மூன்று மாதப் பயிற்சியும் சான்றிதழும், அந்தச் சான்றிதழுக்கு ஏற்ற ஊதியமும் என்று மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.