உயரமானி எதை அளக்கிறது?

சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்துக்குக் கிழக்கே, ஏற்காட்டையும் மாரமங்கலத்தையும் தாங்கிய சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்பதால், அங்கு இறங்கும் விமானிக்கு உயரக் கணக்கு பிசகக் கூடாது. எனினும் உயரமானி என்னும் பெயர் சற்றே ஏமாற்றுவது; காற்று நீக்கப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதையே அக்கருவி அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. தாழ்வான வானில் ஏறத்தாழ 30 அடிக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) வீதம் அழுத்தம் குறைவதால், வானிலை மாறி அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கியபின்னும் பழைய அமைப்பையே நம்பும் விமானி, உண்மையில் இருப்பதைவிட 300 அடி மேலே பறப்பதாக எண்ணுவார். மலையருகே இது சிறு பிழையன்று. ஆகவே, கடல்மட்டத்துக்குக் கணக்கிடப்பட்ட உள்ளூர் அழுத்தத்தை, அதாவது 'கியூ.என்.ஹெச்.' எண்ணை, இறங்குமுன் கேட்டுக் கருவியில் அமைப்பது பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அவ்வாறு அமைத்தபின், காமலாபுரம் ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் உயரமானி சுழியைக் காட்டாது. ஏறத்தாழ 1,000 அடியைக் காட்டும்.