மெயில் அனுப்பியாச்சு சார்!

உங்கள் கம்ப்யூட்டரில் ஆன்டி வைரஸ் இருக்கிறதா என்று கேட்டால், 'ஓ, இருக்கிறதே!' என்பீர்கள். அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று கேட்டால்? பெரும்பாலும் பதில் வராது. இந்த மெத்தனம் நம்மிடம் மட்டும் இல்லை. பெரிய பெரிய நிறுவனங்களிலும் இதே கதைதான்.

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், இரவு பேக்கப் எடுக்கும் புரோகிராம் தினமும் காலையில் 'பேக்கப் முடிந்தது' என்று மெயில் அனுப்பும். ஒருநாள் சர்வரின் ஹார்டு டிஸ்க் பழுதானது. பேக்கப் ஃபைலைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒன்றுமே இல்லை! நான்கு மாதமாக காலி ஃபைலைத்தான் சேமித்து வந்திருக்கிறோம். அந்த மெயிலை தினமும் பார்த்துவிட்டு டெலிட் செய்தவன் நான்தான்.

ஈக்விஃபேக்ஸில் நடந்தது என்ன?

கடன் கேட்டுப் போனால் வங்கிகள் சிபில் ஸ்கோர் பார்க்கின்றன அல்லவா? அமெரிக்காவில் அதுபோன்ற வேலையைச் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஈக்விஃபேக்ஸ். கோடிக்கணக்கானவர்களின் விவரங்கள் அதன் சர்வர்களில் இருந்தன.

இணையதளங்களை உருவாக்க உதவும் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற சாஃப்ட்வேரில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பது 2017 மார்ச் 7-ல் அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் பேட்ச் இலவசமாகவே கிடைத்தது. மறுநாளே அமெரிக்க அரசின் எச்சரிக்கையும் வந்தது. மார்ச் 9-ல் ஈக்விஃபேக்ஸின் பாதுகாப்புப் பிரிவு, '48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள்' என்று 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு மெயில் அனுப்பியது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் வாடிக்கையாளர்கள் புகார் பதிவு செய்யும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த டெவலப்பரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளருக்கு மெயில் வந்தது. அவர் அதை அனுப்பி வைக்கவில்லை. மார்ச் 15-ல் ஓட்டையைத் தேடி ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேன் அந்தத் தளத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 'மெயில் அனுப்பியாச்சு, ஸ்கேனும் செய்தாச்சு' என்று இருந்துவிட்டார்கள். பேட்ச் விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

மே 13-ல் ஹேக்கர்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தார்கள். அங்கே பூட்டப்படாத ஒரு ஃபைலில் யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே கிடந்தன. அவற்றை வைத்து வேறு பல டேட்டாபேஸ்களுக்குள்ளும் நுழைந்தார்கள். 76 நாட்கள்!

காவல்காரன் இருந்தானே?

இருந்தான், தூங்கிக் கொண்டிருந்தான். நெட்வொர்க்கில் ரகசியக் குறியீடாகப் போகும் தகவல்களைப் பிரித்துப் பார்த்து சோதிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது வேலை செய்ய டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. எனவே எதையும் சோதிக்காமலேயே கருவி வழிவிட்டது. சி.சி.டி.வி. கேமரா சுவரில் இருக்கிறது, படம் பதிவாகவில்லை என்பது போலத்தான். ஜூலை 29-ல் சான்றிதழைப் புதுப்பித்ததும் திருட்டு தெரிந்துவிட்டது.

அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் போய்விட்டன. பிறந்த தேதியையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் பாஸ்வேர்டு போல மாற்ற முடியுமா? தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் பதவி விலகினார். 2019-ல் குறைந்தது 57.5 கோடி டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. இது முற்றிலும் தடுத்திருக்கக் கூடிய சம்பவம் என்றது அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'அப்டேட் ஹிஸ்டரி'யைத் திறந்து, கடைசித் தேதியைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பது நினைவிருக்கட்டும்.

2. ஆன்டி வைரஸின் லைசென்ஸ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஐகான் மட்டும் பாதுகாப்பு தராது.

3. பேக்கப்பில் இருந்து ஒரு போட்டோவையாவது திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

4. பாஸ்வேர்டுகளை நோட்பேடில் எழுதி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் உடனே அகற்றுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கால் மணி நேரம் போதும். அலுவலகத்தில் யாராவது 'மெயில் அனுப்பியாச்சு சார்' என்றால், 'யார் சரிபார்த்தது?' என்று கேளுங்கள். நான் இப்போது மாதம் ஒருமுறை பேக்கப்பைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.