அட்டைக்கு அடங்கிய எண்கள்

30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஓர் அட்டை. நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மேலே மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். சதுரத்தின் பக்கத்தை 'ப' என்று கொண்டால், பெட்டியின் கனஅளவு ப × (30 − 2ப) × (20 − 2ப).

இதில் ப-வுக்கு 20 என்று போட்டுப் பாருங்கள். 20 × (−10) × (−20) = 4000 கன செ.மீ.! அப்படியொரு பெட்டியைச் செய்யவே முடியாது. நீளம் −10, அகலம் −20 என்ற இரண்டு பொய் அளவுகள் பெருக்கலில் சேர்ந்து, ஒழுங்கான விடைபோல் வந்து நிற்கின்றன. 12 என்று போட்டிருந்தால் −288 வந்து நம்மை எச்சரித்திருக்கும். 20 அதைக்கூடச் செய்யவில்லை.

ஒரு சார்புக்குள் எந்தெந்த எண்களை அனுப்பலாமோ அவற்றின் தொகுப்பே மதிப்பகம். பள்ளிக் கணக்குகளில் பூச்சியத்தால் வகுத்தல், குறை எண்ணின் வர்க்கமூலம் ஆகிய இரண்டை மட்டும் தேடிப் பழகியவர்கள், இந்தக் கோவையைப் பார்த்து 'எல்லா மெய்யெண்களும்' என்று எழுதிவிடுவார்கள். தடை இருப்பது கோவையில் அல்ல, அட்டையில். வெட்டு 0-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும். அகலத்தின் பாதியான 10-ஐ எட்டக் கூடாது. நீளம் 15 வரை இடம் கொடுத்தாலும் குறுகிய பக்கம் வைத்ததே சட்டம்.

அதற்குள் கிடைக்கும் மிகப் பெரிய பெட்டி ஏறத்தாழ 1056 கன செ.மீ.; அதற்கான வெட்டு சுமார் 3.92 செ.மீ. நுண்கணிதம் 12.74 என்று இன்னொரு விடையையும் நீட்டும். மதிப்பகத்தை முதலிலேயே குறித்து வைத்தவர் அதைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

மாறி பேருந்துகளின் எண்ணிக்கை என்றால் முழு எண்கள் மட்டுமே செல்லும். சில எல்லைகளையோ காகிதத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. சுருள்வில்லின் நீட்சி இழுவிசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கினார். ஓரளவுக்கு மேல் இழுத்தால் அந்த விகிதம் குலைந்துவிடும். எந்த இடத்தில் குலையும் என்பது உலோகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது. இழுத்துச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அட்டைக் கணக்கில் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: 0, 10 ஆகிய முனைகளைச் சேர்ப்பதா, விடுவதா? இரண்டிலும் கனஅளவு பூச்சியம். பெட்டி செய்பவருக்கு அவற்றால் பயனில்லை. ஆனாலும் மீப்பெரு மதிப்பைத் தேடும்போது கணிதர்கள் அவற்றைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். இரு முனைகளும் அடங்கிய இடைவெளியில், தொடர்ச்சியான சார்புக்கு மீப்பெரு மதிப்பு நிச்சயம் உண்டு என்று ஒரு தேற்றம் இருக்கிறது. முனைகளை விட்டுவிட்டால் அந்தத் தேற்றத்தின் துணை கிடைக்காது.