கடைக்குப் போனோம், நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்

2020 மே மாதம். ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து இணையத்தில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த நேரம். அமெரிக்க வணிகத் தளமான ஈபேயைத் திறந்து, பிரவுசரின் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று பார்த்த கணினி வல்லுநர்கள் திடுக்கிட்டார்கள். 127.0.0.1 என்ற முகவரிக்கு அடுக்கடுக்காக இணைப்பு முயற்சிகள். ஒவ்வொன்றின் வாலிலும் ஓர் எண்: 3389, 5900, 5901, 7070... அந்த முகவரி வேறு யாருடையதும் அல்ல. ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி அது.

வாலில் இருந்த எண்களுக்குப் போர்ட் என்று பெயர். வெளியிலிருந்து வரும் தொடர்பை ஏற்க வேண்டிய மென்பொருள் தனக்கென ஒரு போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். 3389 விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, 5900 விஎன்சிக்கு, 7070 எனிடெஸ்க்குக்கு. எல்லாமே தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவுபவை. ஈபே பக்கத்தில் ஓடிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் இப்படி 14 போர்ட்களைத் தட்டிப் பார்த்தது. ஆளில்லாத கதவு பதில் சொல்ல எடுக்கும் நேரமும், உள்ளே ஒரு மென்பொருள் காத்திருக்கும் கதவு எடுக்கும் நேரமும் வேறு வேறு. அந்த மில்லிவிநாடி வித்தியாசத்தை வைத்தே நம் கணினியில் என்ன ஓடுகிறது என்று கணித்துவிடலாம். கோப்புகள் எதையும் அது படிக்கவில்லை. ஆனால், நம்மை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. திருடன் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றி, உங்கள் கணக்கிலேயே பொருள் வாங்கினால், வாங்குவது நீங்கள்தான் என்றே கடை நம்பும். அதைப் பிடிக்கத்தான் த்ரெட்மெட்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின் இந்த ஏற்பாடு. எனிடெஸ்க் வழியாக நடக்கும் வங்கி மோசடி பற்றி நம் ரிசர்வ் வங்கியே 2019இல் எச்சரித்தது. ஆபத்து உண்மையானது.

ஆனால், ஊரிலிருக்கும் அம்மாவின் கணினியைப் பெங்களூரிலிருந்து சரிசெய்து கொடுக்கும் மகனும் இதே மென்பொருளைத்தான் வைத்திருக்கிறான். அவன் மேல் சந்தேகக் குறி விழுந்தால், விழுந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ஸ்கிரிப்ட் வந்த முகவரி ஈபேயின் பெயரைத் தாங்கியிருந்தது. ஆனால், அந்த முகவரி உண்மையில் போய்ச் சேர்ந்த இடம் த்ரெட்மெட்ரிக்ஸ். நல்ல காரியத்துக்கு எதற்கு முக்காடு? 2018இலேயே பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ் வங்கித் தளம் இதே வேலையைச் செய்வது வெளியே வந்து சர்ச்சையானது. அதன் பிறகும் இது நடந்திருக்கிறது.

காவலுக்கென்று தட்டிய கதவை வேவு பார்க்கவும் தட்டலாம் என்பதை 2025 ஜூனில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்ட்ராய்டு போனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் சில போர்ட்களைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. அவற்றின் தாய் நிறுவனமான மெட்டாவின் பிக்சல் என்ற கண்காணிப்பு நிரல் பொருத்தப்பட்ட தளங்களுக்கு நாம் பிரவுசரில் போனால், அந்தத் தகவல் போனுக்குள்ளேயே செயலியிடம் சேர்ந்தது. பெயர் சொல்லாமல் போனவரும் அடையாளம் காணப்பட்டார். விஷயம் வெளிவந்ததும் மெட்டா அதை நிறுத்தியது.

மோசடியைத் தடுக்க என் கணினியைச் சோதிக்க வேண்டுமா, என்னிடம் கேட்டுவிட்டுச் சோதியுங்கள். கேட்காமல் தட்டுவது, எந்த நல்ல நோக்கத்துக்காக என்றாலும், அத்துமீறல்தான். 2025 அக்டோபரில் வந்த குரோம் 142, ஒரு தளம் இப்படி உங்கள் கணினியையோ உள் நெட்வொர்க்கையோ அணுக முயன்றால் அனுமதி கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிறு பெட்டி உங்கள் திரையில் வந்தால், அவசரத்தில் 'அனுமதி' என்று அழுத்திவிடாதீர்கள். எதற்கென்று புரியாவிட்டால், மறுத்துவிடுங்கள்.