மண்டிக் கணக்கும் ஜாவாவும்

பருப்பும் வெல்லமும் மூட்டை மூட்டையாய் இறங்கி ஏறும் சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரின் மண்டிகளில், பேரேடு கணினிக்குள் புகுந்து வெகுகாலமாகிவிட்ட போதிலும், மூன்று மாதத்திற்கொருமுறை டி.டி.எஸ். என்னும் வரிப்பிடித்த அறிக்கை தாக்கல் செய்யும் தருணத்தில் கணக்குப்பிள்ளைக்கு நேரக்கூடிய பெரிய சங்கடம் கணக்கைப் பற்றியதன்று. அறிக்கையைத் தயாரிக்கும் மென்பொருள் திறக்கவே திறக்காது என்பதுதான்.

முன்பு என்.எஸ்.டி.எல். என்றும் 2021 முதல் புரோட்டியன் என்றும் வழங்கும் நிறுவனம் இலவசமாய் அளிக்கும் 'ஆர்.பி.யு.' என்ற அந்த மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா ரன்டைம் கணினியில் முன்கூட்டியே இருக்க வேண்டுமென்பது அதன் நிபந்தனை. ரன்டைம் என்பது, மென்பொருளின் கட்டளைகளை இயந்திரத்திற்குப் புரியும்படி மாற்றி நடத்திவைக்கும் அடித்தளம். வன்தட்டில் இடம் அருமையாயிருந்து, டெலிபோன் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலத்தில், ஒரே ரன்டைமைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொண்டது சிக்கனம் மட்டுமல்ல, விவேகமும்கூட.

ஆனால் பல கொலுசுப் பட்டறைகள் ஒரே உருக்கு உலையை நம்பியிருக்கையில், ஒருவர் தம் வேலைக்காக அதை மாற்றியமைத்தால் மற்றவர் வேலை கெடுமன்றோ? அப்படித்தான், ஒரு மென்பொருளுக்காக ஜாவாவைப் புதுப்பித்தால், பழைய பதிப்பை எதிர்பார்க்கும் மற்றொன்று முடங்குகிறது. 64 பிட் ரன்டைம் இருக்குமிடத்தில் 32 பிட் ரன்டைமைத் தேடி ஏமாறும் மென்பொருளும் உண்டு. ஜாவா மென்பொருள்கள் வரும் 'ஜார்' கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதியே ஆதலால், வின்ரார் இருக்கும் கணினியில் அது ஓடாமல் பொதியாகவே விரிந்து நின்று, பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். போதாக்குறைக்கு, 2019இல் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா 8இன் புதிய திருத்தங்களை வணிக உபயோகத்திற்குக் கட்டணத்துக்கு உட்படுத்தியது. அதன்பின் எந்த ஜாவாவை இறக்குவது என்பதே தனி விசாரமாயிற்று. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ரன்டைமும் இதற்கு விலக்கன்று: பழைய பில்லிங் மென்பொருள்கள் சில கேட்கும் டாட்நெட் 3.5, விண்டோஸ் 10இல் இயல்பாகச் செயலில் இருப்பதில்லை. இணைய இணைப்பு இல்லாத கணினியில் அதை நிறுவ விண்டோஸ் டிஸ்க்கைத் தேட வேண்டும்.

பரிகாரம் இல்லாமலில்லை. 2017இல் ஜாவா 9 கொணர்ந்த 'ஜேலிங்க்', மென்பொருளுக்குத் தேவையான பகுதிகளை மட்டும் கொண்ட சிறு ரன்டைமை ஆக்கித் தரும். 2021இல் ஜாவா 16இல் நிலைபெற்ற 'ஜேபேக்கேஜ்' அதனையும் சேர்த்து ஒரே இன்ஸ்டாலராய்க் கட்டித் தரும். இப்படிச் செய்தால் கோப்பு பருத்துவிடுமென்னும் ஆட்சேபத்தை இன்று பொருட்படுத்த வேண்டியதில்லை. ரன்டைமில் பாதுகாப்புக் குறை தென்பட்டால் மென்பொருள் தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் தத்தம் பொதியைத் திருத்தி வெளியிட வேண்டிவரும் என்பது மெய்யான ஆட்சேபம்; எனினும் அந்தப் பாரம் தயாரிப்பாளரைச் சேர்வதே நியாயம், கணக்குப்பிள்ளையை அன்று.

ஆகவே அரசுப் படிவங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் ரன்டைமையும் உடன் வைத்தே அனுப்பட்டும். டி.டி.எஸ். அறிக்கை தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டுபவர் மண்டிக்காரரே.