சுவருக்கும் வேர்க்க வேண்டும்!

"வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இருப்பதையே சரிப்படுத்துவதா?"

மூன்று தீபாவளிகளாக எங்கள் குடும்பத்தில் இந்த ஒரு கேள்விதான். பலகாரத் தட்டு காலியாவதற்குள் இந்தப் பேச்சு எப்படியோ வெடித்துவிடும். பெரியப்பா, இடிக்கும் கட்சி. என் தகப்பனார் எந்தக் கட்சியிலும் சேராமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். எண்பத்து நான்கு வயதான அப்பத்தாவோ, "என்னை எடுத்துட்டுப் போன பொறவு இடிச்சுக்குங்கப்பா" என்று ஒரே வார்த்தையில் சபையைக் கலைத்துவிடுவாள்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, கிழக்கே கொல்லிமலை தெரிகிற ஒரு கிராமத்தில் இருக்கிறது அந்த வீடு. தொட்டிக்கட்டு வீடு என்பார்கள் கொங்கு நாட்டார். நடுவில் வானம் பார்த்த தொட்டி, அதைச் சுற்றி ஆசாரம், முன்னால் திண்ணை. ஒன்றரை முழக் கனத்துக்கு மண் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. பனஞ்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு. சித்திரை வெயில் நூறு டிகிரியைத் தாண்டுகிற நாளிலும் ஆசாரத்தில் பாயை விரித்தால் தூக்கம் தானாக வரும்.

இவ்வளவு நல்ல வீட்டை ஏன் இடிக்க வேண்டும் என்கிறீர்களா? காரணம் இரண்டு. ஒன்று, கொல்லையில் இருந்த கழிப்பறை. இராத்திரி எழுந்தால் அப்பத்தா மூன்று வாசற்படிகளைத் தாண்டி இருட்டில் போய்வர வேண்டும். போன தை மாதம் விழுந்துவிட்டாள். இடுப்பு தப்பியது, மணிக்கட்டு தப்பவில்லை. மற்றொன்று, தெற்குச் சுவர்.

தெற்குச் சுவரின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011-ல் அதில் லேசாக ஈரம் கண்டது. ஒரு காண்டிராக்டர் வந்தார். "எல்லாம் பழைய சுண்ணாம்பு" என்று உதட்டைப் பிதுக்கினார். பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுக் கெட்டியாகச் சிமெண்டு பூசி, மேலே பளபளவென்று பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷம் சுவர் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூன்றாம் வருஷம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்தது. பிறகு இடுப்பு உயரம். பிறகு ஆள் உயரம். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்த மண் பிசைந்து வைத்த மாவாக இருந்தது.

"பாத்தியா? வீடு செத்துப் போச்சு" என்றார் பெரியப்பா.

அப்பத்தா விழுந்த பிறகு இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆயிற்று. மாசி மாதம், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிழ மேஸ்திரியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். மனிதர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, முன்னெல்லாம் இந்தத் திண்ணைக்கு எத்தனை படிங்க?"

"நாலு" என்றாள் அப்பத்தா, உள்ளேயிருந்தபடியே.

"இப்ப?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை!

வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைக் கொட்டினால் வேறு என்ன நடக்கும்? பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். எங்கள் தெரு அதற்கு வெகு காலம் முன்பே உயர்ந்துவிட்டது. அது வீட்டைச் சுற்றித் தெற்கே திரும்புகிற இடத்தில், மழைத் தண்ணீர் முழுவதும் சுவரோரம் வந்து தேங்குகிறது. திரி எண்ணெயை இழுப்பது போல மண் சுவர் அதை உறிஞ்சுகிறது.

"சுவருக்கு வேர்க்கோணுமுங்க" என்றார் மேஸ்திரி. "சுண்ணாம்பு இருந்தவரைக்கும் வேர்த்துச்சு. குடிச்ச தண்ணி காத்துல போச்சு. நீங்க ரப்பர் சட்டை மாட்டிவுட்டுட்டீங்க. வெளியே போக வழியில்லாத தண்ணி மேலதானுங்களே ஏறும்?"

நான் காலேஜில் இரசாயனம் படித்தவன். ஆயினும் இந்தச் சங்கதி அன்றுதான் மண்டையில் ஏறியது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடுகிறது. அதற்குத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசிய பிறகு, போன வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லானாலும் நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். போர்ட்லண்டு சிமெண்டு வேறு ஜாதி. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் அதற்குப் பேடண்ட் வாங்கினார். இன்று அதைச் சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணும் சேர்த்து ஏறக்குறைய 1,450 டிகிரி சென்டிகிரேடில் சுட்டுச் செய்கிறார்கள். அணையும் பாலமும் கட்ட அதற்கு ஈடில்லை. மண் சுவரின் மேல் பூசினால்தான் வில்லங்கம். வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்துச் சங்ககிரி சுண்ணாம்புக்கல்லுக்கும் பெயர்போனது. அங்கேயே சிமெண்டு ஆலையும் இருக்கிறது!

வைத்தியம் தெருப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. சுவரோரம் காடி வெட்டினார்கள். ஒரேயடியாக வெட்டினால் மண் சுவர் உட்கார்ந்துவிடும் என்று ஆறாறு அடியாக, அஸ்திவாரத்துக்குக் கீழே போகாமல் வெட்டி, குழாய் பதித்து, ஜல்லி நிரப்பித் தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பினார்கள். சிமெண்டு முழுவதையும் உரித்தாயிற்று. அதற்கப்புறம் மேஸ்திரி செய்த காரியம்தான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஒன்றுமே செய்யவில்லை! "காயட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

ஆனியில் வந்து, கரைந்துபோன இடங்களில் அதே மண்ணைப் பிசைந்து அடைத்தார். பிறகு சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த காரை. அந்தக் காலத்தில் மாடு பூட்டிய கல் செக்கில் அரைப்பார்கள், இப்போது இயந்திரம். ஆனால் கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் மட்டும் மாறவில்லை. நாலு நாள் வீடே புளித்த பானகம் போல் மணத்தது. மேலே வெறும் வெள்ளை. பெயிண்டு கூடவே கூடாது என்று தடை உத்தரவு.

பழையது எல்லாமே உயர்ந்தது என்று சொல்ல வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பத்தாவின் சமையலறையில் ஐம்பது வருஷப் புகை அவள் கண்களில் இருக்கிறது. அங்கே ஜன்னலைப் பெரிதாக்கி, கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு வைத்தோம். மின்சாரக் கம்பிகளைப் பார்த்த எலெக்ட்ரீஷியன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, எர்த் இணைப்பும், கசிவு கண்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தியாயிற்று. மேற்குக் கூரையில் நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு, இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய மங்களூர் ஓட்டைப் போட்டோம். அதுவும் ஒரு காலத்தில் நாகரிகச் சரக்குத்தானே! 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியார் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஆலை வைத்த பிறகு பரவியது அது.

குளியலறை விஷயத்தில் மேஸ்திரி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: ஈரம் புழங்கும் அறை மண் சுவரைத் தொடக்கூடாது. ஆகவே அப்பத்தா படுக்கும் அறையை அடுத்து, இரண்டு முழம் தள்ளி, தனி அஸ்திவாரத்தில் செங்கல்லும் சிமெண்டுமாக எழும்பியது. நடுவில் ஓடு வேய்ந்த சின்ன நடை. படி கிடையாது, சரிவுதான். உட்காரும் கழிப்பறை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, சொரசொரப்பான தரை. பழைய சிவப்புக் காவித் தரையை எடுத்துவிட்டு வீடு முழுக்க வழவழவென்று டைல்ஸ் போடலாம் என்ற பெரியப்பாவின் தீர்மானம், அப்பத்தாவின் கட்டுப் போட்ட கையைக் காட்டியதும் தோற்றுப் போயிற்று.

நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடும் அப்படியே. அதுவும் பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பழைய வீட்டைக் காப்பதென்றால் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கெல்லாம் யாரும் இராத்திரி எழுந்து குளியலறையைத் தேடுவதில்லை!

செலவு எவ்வளவு என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? இடித்துக் கட்டக் கேட்ட தொகையில் பாதிக்கும் கீழே. ஆனால் எட்டு மாதம் பிடித்தது. இடையில் மேஸ்திரிக்கு இரண்டு கல்யாணமும் ஒரு கண் ஆபரேஷனும் குறுக்கிட்டன.

இந்தத் தீபாவளிக்கு மழை கொட்டித் தீர்த்தது. காடியில் தண்ணீர் சலசலவென்று ஓடிற்று. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து, அது எங்கே போகிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இடிக்கும் பேச்சை எடுக்கவில்லை. மேல்மாடி எழுப்பலாமா என்று மட்டும் கேட்டார். மண் சுவர் தாங்காது என்று மேஸ்திரி முன்பே சொல்லிவிட்டதை நான் நினைவுபடுத்தினேன்.

அப்பத்தா தினமும் காலையில் எழுந்ததும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத் தெற்குச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். அன்றும் பார்த்தாள்.

"கீழ ஒரு சாண் மட்டும் சில்லுன்னு இருக்குது" என்றாள். "போன மாசம் ரெண்டு சாண் இருந்துச்சு."